டர்பனில் இருந்துகொண்டு ஒலிக்கலவைப் பொறியாளராவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தைப்பூசக் காவடி, பங்குனி உத்திரம், ஆடி மாதத்து மாரியம்மன் கூழ், புரட்டாசி விரதம் என்று குவாசுலு-நடால் மாகாணத்துத் தமிழர்களின் ஆண்டு முழுவதும் பாட்டோடுதான் நகர்கிறது. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் பாடத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. பாடியதைக் கேட்கத் தகுந்த ஒலிப்பதிவாக்கித் தரக்கூடியவர்கள்தான் குறைவு. இந்த இடைவெளியில் ஒரு தொழில் இருக்கிறது. அதில் நுழைய விரும்புவோர் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

வரிசையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தொழிலைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் எந்த மைக் வாங்கலாம், எந்த மென்பொருள் நல்லது என்றுதான் தொடங்குகிறார்கள். காது முதலில், அறை அடுத்து, கருவி அதற்குப் பிறகு. இவை மூன்றுக்கும் இணையாக, முதல் நாளிலிருந்தே, ஒப்பந்தம், கணக்கு முதலிய காகித வேலை. இந்த வரிசையில் நேரத்தையும் பணத்தையும் செலவிடுகிறவர் விலையுயர்ந்த மைக்கோடு தொடங்குபவரை இரண்டே ஆண்டுகளில் முந்திவிடுவார் என்பது என் கணிப்பு.

எந்த வேலை உங்களுடையது

இசைத் தயாரிப்பாளர் என்பவர் பாடலைத் தேர்வதிலிருந்து சுருதி, காலப்பிரமாணம், வாத்தியக்காரர்கள், செலவுத் திட்டம் வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர். பாடகர் பத்து முறை பாடியவற்றில் எது நிலைக்கட்டும் என்று தீர்மானிப்பவரும் அவரே. ஒலிப்பதிவுப் பொறியாளர் அந்த நிகழ்வைப் பழுதில்லாமல் பதிவு செய்கிறார். ஒலிக்கலவைப் பொறியாளர் தனித்தனித் தடங்களாக வந்தவற்றைச் சமன்படுத்தி ஒரே பாட்டாக்குகிறார். மாஸ்டரிங் செய்பவர் அந்தப் பாட்டை வெளியீட்டுக்குரிய ஒலியளவுக்கும் வடிவத்துக்கும் கொண்டுவருகிறார்.

நம் சிறிய சந்தையில் இந்த நான்கையும் ஒருவரே செய்யும்படிதான் நேரும். அதனால் தவறில்லை. ஆனால் விலைப்பட்டியலில் நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் "மிக்ஸிங்" என்று ஒரே தொகை வாங்கிக்கொண்டு, பாடகருக்கு மெட்டுச் சொல்லிக் கொடுப்பதிலிருந்து இரவு பதினொரு மணிக்குப் புதிதாக ஒரு புல்லாங்குழலைச் சேர்ப்பது வரை எல்லாம் உங்கள் தலையில் விழும்.

காதைப் பழக்குங்கள்

நாள்தோறும் அரைமணி நேரம் நல்ல ஒலிக்கலவைகளை, வேறு எந்த வேலையும் செய்யாமல், கேட்பதற்கென்று ஒதுக்குங்கள். ஒருமுறை குரலை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை தாளவாத்தியம் இடப்புறமா நடுவிலா எங்கே நிற்கிறது, எதிரொலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கவனியுங்கள். சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் பாடல்களுக்கு நீண்டகாலம் ஒலிப்பொறியாளராக இருந்து 2008இல் மறைந்த எச். ஸ்ரீதரின் கலவைகள் தமிழ்க் குரலை நெருக்கமான இசைக்கு நடுவே எப்படி நிறுத்துவது என்பதற்குச் சிறந்த பாடம்.

அடுத்தது அதிர்வெண்களை அடையாளம் காணும் பயிற்சி. அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசரில் ஒரு பட்டையை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, அது எந்தப் பகுதி என்று சொல்லிப் பாருங்கள். 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை மிகுந்தால் பாட்டு மந்தமாகிறது. 1000 ஹெர்ட்ஸை ஒட்டி மிகுந்தால் மூக்கால் பாடுவது போலாகிறது. 3000 ஹெர்ட்ஸ் பகுதியில் சொற்கள் துலங்கும், மிகுந்தால் காதைக் குத்தும். 6000 முதல் 9000 வரை சகரமும் ஸகரமும் சீறும். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதால் பயனில்லை, காது அறிய வேண்டும்.

சுருதிஞானத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் தேவாரம் சொல்லித்தரும் வகுப்பிருந்தால் அங்கே போய் உட்காருங்கள். ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி என்பதுகூடத் தெரியாமல் பாடகரையும் கீபோர்டுக்காரரையும் ஒரே அறையில் வைத்து வேலை வாங்க முடியாது.

காது தேய்ந்துவிட்டால் மாற்று வாங்க வழியில்லை. 85 டெசிபலில் ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் தொழில்நலப் பாதுகாப்பு விதி ஒன்று உண்டு. கோயில் திருவிழாவில் ஸ்பீக்கருக்கு அருகில் நிற்க வேண்டியவர்கள் காதடைப்பான் இல்லாமல் போகக்கூடாது.

அறையைச் சரிசெய்யுங்கள்

நம்மில் பலருக்கும் ஸ்டூடியோ என்பது வீட்டில் ஒரு படுக்கையறை அல்லது பின்கட்டில் ஓர் ஒதுக்கு அறை. அது போதும், ஆனால் அந்த அறை உங்களிடம் பொய் சொல்லும் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். நான்கு மீட்டர் நீளமுள்ள அறையில் 43 ஹெர்ட்ஸும், மூன்று மீட்டர் அகலத்தால் 57 ஹெர்ட்ஸும் இயல்பாகவே வீங்கும். அறையின் சில இடங்களில் அதே ஒலிகள் மறைந்தும் போகும். நீங்கள் உட்காரும் இடத்தில் கீழ்க்குரல் (பேஸ்) குறைவாகக் கேட்டால், அதை உயர்த்திக் கலந்துவிடுவீர்கள். அந்தப் பாட்டு அடுத்த வீட்டுக்காரரின் காரில் உறுமும்.

அறையின் நீளவாக்கில் முன்சுவரைப் பார்த்தபடி உட்காருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். நான்கு மூலைகளிலும் குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள கனிமக் கம்பளி அட்டைகளைத் துணியால் மூடி நிறுத்துங்கள். ஒலி முதலில் பட்டுத் திரும்பும் பக்கச்சுவர்களிலும் கூரையிலும் அதே அட்டைகளை மாட்டுங்கள். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். அது மேல் அதிர்வெண்களைச் சிறிது குறைப்பதைத் தவிர எதையும் செய்யாது. தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும்.

கருவிகள், மின்சாரம், ஈரம்

மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு அல்லது நான்கு உள்ளீடுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், ஓரளவு நல்ல ஸ்பீக்கர் இணை, ஒரு ஹெட்ஃபோன், ஷூர் எஸ்எம்57 போன்ற ஒரு டைனமிக் மைக், 48 வோல்ட் மின்னூட்டத்தில் இயங்கும் ஒரு கண்டென்சர் மைக் ஆகியவற்றோடு தொடங்குங்கள். பதிவுக்கும் கலவைக்குமான மென்பொருளில் ரீப்பர், தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் 60 டாலர் உரிமத்தில் கிடைக்கிறது. வாங்குமுன் 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். க்வாம் எனப்படும் டர்பனின் மின்னணு நடன இசைக்காரர்களோடு வேலை செய்ய நினைப்பவர்கள் எஃப்எல் ஸ்டூடியோவையும் பழகிக்கொள்வது நல்லது, அங்கே அதுதான் பொதுவழக்கு.

இவற்றைவிட முக்கியமானவை இந்த ஊருக்கே உரிய சில. மின்வெட்டு அட்டவணை எப்போது திரும்பும் என்று யாராலும் உறுதி கூற இயலாத நாட்டில், பாடகர் நடுப்பாட்டில் இருக்கும்போது கணினி அணைவதைத் தடுக்க ஒரு யுபிஎஸ் கட்டாயம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் தரையிணைப்புக் கோளாறு இருந்தால் 50, 100 ஹெர்ட்ஸில் இரைச்சல் புகும். எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர்ச்செருகியிலிருந்து மின்பகிர்மானப் பலகை வழியே இயக்கினால் இதில் பெரும்பகுதி தீரும். டர்பனின் கோடைக்காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். கண்டென்சர் மைக்கைச் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில் வைக்காவிட்டால் பொரிபொரிக்கும் ஒலி எழத் தொடங்கும்.

பதிவுகளின் நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தையும் 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் பார்த்த ஊரில் இதற்குமேல் காரணம் சொல்லத் தேவையில்லை.

நம் வாத்தியங்களையும் குரல்களையும் பதிவு செய்தல்

உங்களுக்கு இந்தத் தொழிலில் உண்மையான இடம் கிடைப்பது இங்கேதான். கிட்டாரையும் டிரம்ஸையும் பதிவு செய்ய ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் உங்களைவிடத் தேர்ந்தவர்கள் ஏராளம். மிருதங்கத்தின் வலந்தலை எப்படி ஒலிக்க வேண்டும், நாகஸ்வரம் எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்களுள் பெரும்பாலோருக்குத் தெரியாது.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வையுங்கள், வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்றும் இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்றுமாக, தோலிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒன்றையொன்று எதிர்நோக்கும் இரண்டு மைக்குகள் ஒன்றன் அலையை மற்றது அழிக்கக்கூடும். எனவே ஒரு தடத்தின் துருவத்தை மாற்றி (அலையைத் தலைகீழாக்கி), ஸ்டீரியோவை விட்டு மோனோவில் கேட்டு, எந்த நிலையில் தொப்பியின் கும்காரம் நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு வித்வான் சேர்த்துப் பார்க்க நேரம் கொடுங்கள். அந்த நேரத்தைச் சேர்த்தே அட்டவணை போடுங்கள்.

நாகஸ்வரம் வெளியரங்குக்கென்றே பிறந்தது. அதன் ஒலி குழலின் விரிந்த வாயான அணசிலிருந்து மட்டுமன்றி விரல்துளைகளிலிருந்தும் வருகிறது. அணசுக்கு நேரே மைக்கை நீட்டினால் சில சுரங்கள் வெடிக்கும், சில மறையும். ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலகி, குழலின் நடுப்பகுதியைப் பக்கவாட்டில் நோக்கி வையுங்கள். தவிலை அதே அறையில் வைத்தால் நாகஸ்வரத் தடம் முழுவதும் தவில் வழியும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வாசித்தால்தான் வாசிப்பு களைகட்டும் என்பதால், அறையைப் பிரிக்க வேண்டியிருந்தாலும் இடையில் கண்ணாடியோ திறந்த கதவோ இருக்கட்டும்.

குரலுக்கு வருவோம். 1997இல் வெளிவந்த ஆட்டோ-டியூன் முதல் இன்றுள்ள பல மென்பொருள்கள் வரை, தானியங்கியாகச் சுருதி திருத்துபவை பொதுவாகப் பன்னிரண்டு நிலையான சுரங்களை நோக்கியே குரலை இழுப்பவை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைவதே அதன் இயல்பு. திருத்தியை இயக்கினால் அந்த அசைவு படிக்கட்டாக வெட்டுப்படும், பாடகரின் பத்தாண்டுப் பயிற்சி ஒரே சொடுக்கில் போய்விடும். கமகமுள்ள பாடலில் தானியங்கித் திருத்தத்தைத் தொடாதீர்கள். நீண்டு நிற்கும் சுரம் ஒன்று தாழ்ந்திருந்தால், மெலோடைன் போன்ற மென்பொருளில் அந்தச் சுரத்தை மட்டும் கையால் உயர்த்துங்கள், அல்லது அந்த வரியை மறுபடி பாடச் சொல்லுங்கள். இரண்டாவதே எப்போதும் நல்லது.

தாளத்திலும் இதேபோல் ஒரு கண்ணி உண்டு. காவடிச்சிந்து பெரும்பாலும் மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் செல்லும். மென்பொருள் திறந்தவுடன் தரும் நான்கு-நான்கு கட்டங்களில் அதை வைத்தால் ஒவ்வோர் அடியும் கோட்டுக்கு வெளியே விழுவதாகத் தோன்றும். பதறி, எல்லா அடிகளையும் கோட்டுக்கு இழுத்துவிட்டால் சிந்து நடையிழந்து அணிவகுப்பாகிவிடும். கட்டத்தை ஆறு-எட்டுக்கு மாற்றுங்கள். பக்தர்கள் கூடிப் பாடும் பாடல்கள் போகப்போக வேகமெடுப்பது இயல்பு. அவற்றுக்கு மெட்ரோனோம் வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவுக்கே உரிய இன்னொரு பொறுப்பையும் சொல்ல வேண்டும். 1860இல் தொடங்கிய குடியேற்றத்துக்குப் பின் ஐந்தாறு தலைமுறை கடந்த இங்கே, பக்தியோடும் இனிமையோடும் பாடுகிற பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். அந்த எழுத்தில் லகரம், ளகரம், ழகரம் மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். பதிவுக்கு ஒரு வாரம் முன்பே தமிழறிந்த ஒருவரைக் கொண்டு பாட்டை மெதுவாக வாசித்துப் பதிவு செய்து பாடகருக்கு அனுப்புங்கள். ஸ்டூடியோவில் திருத்தும்போது, வயதில் மூத்த அக்காவையோ ஐயாவையோ எல்லோர் முன்பும் நிறுத்தி உச்சரிப்பைக் குறை சொல்லாதீர்கள். ஹெட்ஃபோனில் அவருக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னொரு தடவை பாடிப் பார்ப்போமா" என்று கேட்டால் போதும். தயாரிப்பாளர் வேலையில் பாதி இத்தகைய நயம்தான்.

கலக்கும் முறை

தடங்களுக்குப் பெயரிட்டு, வண்ணமிட்டு, தேவையற்ற மூச்சையும் இருமலையும் நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். 24 பிட்டில் பதிவு செய்திருந்தால் சிவப்புக்கோட்டைத் தொடும் அளவுக்கு ஒலியை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. சராசரி மைனஸ் 18 டெசிபலை ஒட்டி இருந்தால் போதும்.

முதல் ஒரு மணி நேரம், ஒலியை மாற்றும் துணைநிரல்களான பிளக்-இன் எதையும் திறக்காதீர்கள். மோனோவில், குறைந்த ஒலியில், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை மட்டும் நகர்த்திச் சமன் தேடுங்கள். குரலை முதலில் எழுப்பி, அதைச் சுற்றி மற்றவற்றைச் சேர்த்துக்கொண்டே வருவதுதான் தமிழ்ப் பாட்டுக்குப் பொருந்தும்; நம் கேட்போர் சொல்லைத் தேடுகிறவர்கள். குறைந்த ஒலியில் கீழ்க்குரல்கள் நம் காதுக்கு உண்மையைவிடக் குறைவாகவே கேட்கும் என்பதால், பேஸின் அளவை மட்டும் இடையிடையே ஒலியைக் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஈக்வலைசர். கூட்டுவதற்கு முன்பு குறைக்கப் பாருங்கள். குரல் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் காலடியும் வாகன இரைச்சலும்தான். ஆர்மோனியமும் கீபோர்டும் குரலும் 300 ஹெர்ட்ஸை ஒட்டி முட்டிக்கொள்ளும். ஆர்மோனியத்தை அங்கே சற்றுக் குறைத்தால் குரலைத் தொடாமலே குரல் தெளியும். சத்தம் ஏறும் இடங்களைத் தணிக்கும் கம்ப்ரசரைக் குரலில் இரண்டு கட்டங்களாக, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு டெசிபல் மட்டும் குறையும்படி வைத்தால், ஒரே கம்ப்ரசரில் நசுக்குவதைவிட இயல்பாக இருக்கும். பக்திப்பாட்டென்றாலே குகைக்குள் பாடுவதுபோல் எதிரொலி போடுவது இங்கே ஒரு நோயாகிவிட்டது. எதிரொலிக்கு முன் 30 முதல் 60 மில்லிவிநாடி தாமதம் கொடுத்து, அதன் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டால், சொல் முன்னே நிற்கும், கோயில் பின்னே நிற்கும்.

தமிழ்க் குரலை க்வாம் அல்லது அமாபியானோ எனும் தென்னாப்பிரிக்க நடன இசையின் தாளத்தோடு சேர்க்கும் முயற்சிகள் பெருகிவருகின்றன. நிமிடத்துக்கு 110 அடிகளை ஒட்டிச் செல்லும் அமாபியானோவில் லாக் டிரம் எனப்படும் பேஸ் ஒலிதான் அரசன். மிருதங்கத்தின் தொப்பியும் அதே இடத்தைத்தான் கேட்கும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். தொப்பியின் கீழ்ப்பகுதியை விட்டுக்கொடுத்து, வலந்தலையின் சாப்பையும் நாதத்தையும் காத்துக்கொள்வது பொதுவாகப் பலன் தரும்.

முடிந்த கலவையைக் காரிலும் செல்பேசியிலும் சமையலறை ரேடியோவிலும் கேளுங்கள். ஒரு நாள் கழித்துக் கேட்டு, கடைசித் திருத்தங்களைச் செய்யுங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டிச் சமப்படுத்துகின்றன என்பதால், பாட்டை அளவுமீறி நசுக்கிச் சத்தமாக்குவதில் இலாபமில்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் சுருக்கக் கோப்பாக மாறும்போது சிதைவு குறையும். வாடிக்கையாளருக்கு முழுப்பாட்டு, குரலில்லாத வாத்தியப் பதிவு, குரல் மட்டும் என மூன்றையும் வேவ் கோப்புகளாகக் கொடுங்கள். குரலில்லாத பதிவை நடனப் பள்ளிகளும் ஐஸ்டெட்ஃபாட் எனும் கலைப்போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளும் பிறகு கேட்டு வருவார்கள்.

வேலை எங்கே கிடைக்கும்

கோயில்களிலும் கல்யாண மண்டபங்களிலும் நேரடி ஒலியமைப்பு செய்வதே எளிதாகத் திறக்கும் கதவு. அங்கே கற்கும் வேகமும் அறிமுகமாகும் பாடகர்களும் எந்தப் பள்ளியிலும் கிடைக்க மாட்டார்கள். அடுத்து தமிழ்ச் சங்க விழாக்கள், பரதநாட்டிய அரங்கேற்றங்கள், தெருக்கூத்துப் பதிவுகள். டர்பனிலிருந்து ஒலிபரப்பாகும் லோட்டஸ் எஃப்எம் நிலையத்துக்கு ஒரு பாட்டை அனுப்பும்போது பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெயர்களும், ஒவ்வோர் ஒலிப்பதிவையும் அடையாளப்படுத்தும் ஐஎஸ்ஆர்சி எண்ணும் சேர்ந்தே செல்ல வேண்டும்.

முறையான படிப்பை விரும்புவோருக்கு ஜோகன்னஸ்பர்க்கில் அகாடமி ஆஃப் சவுண்ட் இன்ஜினியரிங் இருக்கிறது. இசைப் பின்புலத்தை வலுப்படுத்த நினைப்பவர்களுக்கு குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை உண்டு. இரண்டும் நல்லவை, ஆனால் வேலை கேட்டுப் போகுமிடத்தில் சான்றிதழைவிட உங்கள் மூன்று பாடல்களைத்தான் கேட்பார்கள்.

காகித வேலை

1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் காலோ நிறுவனத்தின் ஸ்டூடியோவில் சாலமன் லிண்டா "ம்புபே" என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதன் உரிமை பத்து ஷில்லிங்குக்குக் கைமாறியது. அதே மெட்டு உலகெங்கும் பரவிப் பெரும்பணம் ஈட்டியபோதும் லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். அவருடைய மகள்களுக்கு வழக்குக்குப் பிறகு 2006இல்தான் உடன்படிக்கை கிட்டியது. தென்னாப்பிரிக்காவில் இசைத்தொழில் செய்யும் எவரும் ஒப்பந்தமின்றிப் பதிவு பொத்தானை அழுத்தக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து ஒலிப்பதிவைச் செய்யச் சொன்னால், வேறு உடன்பாடு இல்லாதவரை அந்தப் பதிவின் உரிமை பணம் கொடுத்தவருக்கே. கோயில் குழு பணம் கொடுத்தால் பதிவு கோயிலுடையது. நீங்கள் சொந்தச் செலவில் ஏற்பாடு செய்து பாடகரை அழைத்தால் உங்களுடையது. பாதிப்பாதி என்றால் எழுதியே ஆக வேண்டும். பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் ஆகியோரின் பங்கு விழுக்காட்டையும் பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் தாளில் கையெழுத்து வாங்குவது கடினம்.

இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரிய ஒலிபரப்பு உரிமைத்தொகையை சாம்ரோ என்ற அமைப்பு வசூலிக்கிறது. பிரதியெடுப்பு உரிமையை காப்பாசோ பார்த்துக்கொள்கிறது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் உரியதை சாம்ப்ரா வசூலிக்கிறது. ஐஎஸ்ஆர்சி எண்ணுக்கான முன்னொட்டை ரீசா அமைப்பு வழங்குகிறது. கலவை மட்டும் செய்தவருக்கு இவற்றில் வழக்கமாகப் பங்கு வராது. ஆகவே உங்கள் கூலியைப் பின்னால் வரும் உரிமைத்தொகையை நம்பி விட்டுவைக்காமல், பாதியை முன்பணமாகவும் மீதியை இறுதிக் கோப்பு கொடுக்குமுன்பும் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்களிடமும் அப்படியே.

இணையத்திலிருந்து இறக்கிய கரோக்கே இசையின் மேல் பாடி வெளியிடும் வழக்கம் நம்மிடையே அதிகம். மெட்டுக்கு உரிமம் பெறுவது ஒன்று, பிறர் வாசித்துப் பதிந்த இசையைப் பயன்படுத்த அதன் உரிமையாளரிடம் அனுமதி பெறுவது வேறொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் தளங்கள் பாட்டை நீக்கிவிடும். உள்ளூர் வாத்தியக்காரர்களை வைத்துப் புதிதாக வாசித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்களுக்கும் கூடுதல் வேலை.

வரித்துறையான சார்ஸில், சுயதொழில் செய்பவராக இடைக்கால வரி செலுத்துவோர் பட்டியலில் வருவீர்கள். வரியாண்டு மார்ச் 1இல் தொடங்கி பிப்ரவரி இறுதியில் முடிகிறது. மதிப்பீட்டுப் படிவத்தை ஆகஸ்டு இறுதியிலும் பிப்ரவரி இறுதியிலும் கொடுக்க வேண்டும். கைக்காசாக வாங்கிய கூலிக்கும் பில் எழுதுங்கள். மைக், ஸ்பீக்கர், கணினி ஆகியவற்றின் தேய்மானத்தை வருமானத்தில் கழிக்க அனுமதி உண்டு. ரசீதுகளைப் படமெடுத்து, பாடல்களின் நகல் இருக்கும் அதே வெளிச்சேமிப்பில் போட்டுவையுங்கள்.